வினோதாவுக்கு ஒரு கிளாஸ் பிளேன்டி

நேற்றுவரை தேயிலைக் கொழுந்து பறித்த மருமகளுக்கு பால்கூடச் சேர்க்காத பிளேன்டித் தேத்தண்ணி ஒரு வாய் கொடுக்க மாட்டேன் என்கிறாள் மாமியார். கேட்டால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

தோட்டத்து லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் சீதாலெட்சுமிக்கு நன்றாகவே எரிந்தது.

வினோதாவுக்கு ஏழு மாதம். கால் வீங்கி, நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது. புருஷன் சுமன் கொழும்பில் கடை வேலை. மாமியார் ராமாயியோ தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, மூன்று மாதமாக எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள்.

கேட்டால், தேத்தண்ணி வேண்டாம் என்று மிட்வைஃப் சொன்னாராம். கஞ்சத்தனத்துக்குக் காரணம் சொல்லத் தெரியாதா ராமாயிக்கு?

சீதாலெட்சுமி பேச்சோடு நிற்கவில்லை. மத்தியானச் சோறு முடிந்து ராமாயி பீலிக் குழாயில் தண்ணி பிடிக்கப் போனதும், ஜன்னல் வழியே ஒரு கிளாஸை நீட்டுவாள்.

"குடி புள்ள. ஒங்க மாமிக்குத் தெரிய வேணாம்."

வினோதா முதலில் தயங்கினாள். அப்புறம் அவளே ஜன்னலோரம் வந்து நிற்கத் தொடங்கினாள்.

புதன்கிழமை சீதாலெட்சுமி கிளாஸோடு போனபோது, வாசலிலேயே மிட்வைஃப் உட்கார்ந்திருந்தார். சட்டென்று கிளாஸை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

மிட்வைஃபின் முகம் சரியில்லை. வயிற்றில் பிள்ளை வளரும்போது உடம்பில் ரத்தம் கூடும், ஆனால் தண்ணிதான் அதிகம் கூடும், அதனால் ரத்தம் நீர்த்துப்போகும், இருதயமும் இரண்டு பேருக்காக அடிக்க வேண்டும் என்றார். அதற்குத்தான் இரும்புச் சத்துக்கு அயன் குளிசை. ஒன்பதில் இருந்த ரத்த அளவு குளிசை போட்டும் எட்டரைக்கு இறங்கியிருக்கிறது. இரண்டு வாரத்தில் ஏறாவிட்டால் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ரத்தம் ஏற்ற வேண்டிவரும். இப்படியே பிரசவமானால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து.

"சாப்பாட்டோட தேத்தண்ணி குடுக்குறீங்களா? அது குளிசையோட சத்த ஒடம்புல சேரவுடாதுன்னு சொன்னேனே."

வினோதா தலையைக் குனிந்துகொண்டாள்.

ராமாயி தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள்.

"எங்க வீட்டுல தேயிலத் தூளே இல்லீங்க மிஸ். வாசம் வந்தா புள்ளைக்கு ஆச வருமேன்னு நானும் நிறுத்திட்டேன். ஒரு நாளைக்கு எட்டுக் கிளாஸ் குடிச்சவ நான். மூணு மாசமா தலவலி உசிரு போவுது. அப்புறம் எப்புடிங்க ரத்தம் எறங்கும்?"

முந்தானைக்குள் இருந்த கிளாஸ் சீதாலெட்சுமியின் கையைச் சுட்டது.