துடைத்த காது

அங்கன்வாடிக்குக் காது பார்க்கும் கருவி வந்ததிலிருந்து யாரும் பிள்ளைகளை எடை போடுவதில்லை. சத்தில்லாத பிள்ளைக்குத்தான் காதில் சீழ் வைக்கும் என்பது அதன் கணக்கு; சீழ் இருந்தால் கருவியில் சிவப்பு எரியும். பிள்ளைக்குச் சாப்பாடு போதவில்லை என்று பொருள். அந்த மாதம் முழுக்க முட்டையும் பாலும் வீடு தேடி வரும்.

உப்பளத்து வேலையைப் பாதியில் போட்டுவிட்டு மகளோடு வந்திருந்தாள் பேச்சித்தாய். மகிழாவுக்கு வயது ஐந்து. மூன்று வயதில் எடுத்த கவுன் இன்னும் தொளதொளத்தது.

டீச்சர் கருவியைக் காதில் வைத்தாள். பச்சை எரிந்தது.

"பாஸாயிட்டா டீச்சர்!" என்றாள் பேச்சித்தாய்.

"ஏட்டி, காதைத் தொடைச்சியா?"

"ஒரே நாத்தம். நாலு பேரு முன்னால அப்படியேவா நிறுத்த முடியும்? வாசல்ல வச்சு சுத்தமா தொடைச்சிட்டேன்."

"கெடுத்தியே. இனி இது அடுத்த மாசம்தான் பார்க்கும். அதுவரைக்கும் முட்டை கிடையாது."

காது துடைத்த முந்தானையில் ஈரம் இன்னும் காயவில்லை. பேச்சித்தாய் அதை இரண்டு கையாலும் விரித்து, கருவியின் முன்னால் ஏந்தினாள்.

"இந்தா, இதைப் பாரு சாமி."

"காதைக் காட்டவும்," என்றது கருவி.