வாதாபியை எரித்தவர் பேர்

"ஊரைக் கொளுத்துன ஆளோட பேரை எம் பேரனுக்கு வெக்கறதா கண்ணு?" என்று பதினோராவது முறையாகக் கேட்டாள் காவேரி. தொட்டிலுக்குப் பூத்தொடுக்கும் கை மட்டும் நிற்கவில்லை.

மருமகள் ரூபா பல்லைக் கடித்துக்கொண்டாள். விடிந்தால் பேர் சூட்டு விழா. மைசூரில் இருக்கும் சொந்தபந்தம் அத்தனைக்கும் சொல்லியாகிவிட்டது. மகனுக்குப் பரஞ்சோதி என்று பேர் வைப்பதாக ரூபாவும் அவள் கணவன் கவின்ராஜும் முடிவு செய்து பத்து நாளாகிறது. அந்தப் பத்து நாளும் மாமியார் ஏதாவது நொட்டை சொல்லிக்கொண்டேதான் இருக்கிறாள்.

பரஞ்சோதி அந்தக் காலத்துப் பல்லவ சேனாதிபதி. படையோடு போய்ச் சாளுக்கியரின் வாதாபியை எரித்தவர். காவேரி முதலில் அதைத்தான் பிடித்துக்கொண்டாள். வாதாபி என்பது இன்றைய பாதாமி. எதிர்வீட்டுக்காரர்கள் அந்தப் பக்கத்துக் கன்னடக்காரர்கள். அவர்கள் மனம் புண்படாதா என்றாள். ரூபா விடுவாளா? நேரே போய் எதிர்வீட்டு அம்மாவிடமே கேட்டுவிட்டாள். ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முந்தைய சண்டைக்கு இப்போது யார் கோபித்துக்கொள்வார்கள் என்று அந்த அம்மாள் சிரித்தாள். மேலான ஒளி என்று அர்த்தம் வரும் பேர் எங்களுக்கும் நல்ல பேர்தானே என்று சொல்லி, ஒரு கிண்ணம் அவரைக்கொட்டைக் குழம்பும் கொடுத்து அனுப்பினாள்.

மறுநாள் காவேரி வேறு கதையை எடுத்தாள். அந்தச் சேனாதிபதிதான் பிற்பாடு வாளைப் போட்டுவிட்டுச் சிறுத்தொண்டர் என்ற சிவனடியாராகி, பெற்ற பிள்ளையையே அறுத்து விருந்து வைத்தவராம். அப்பேர்ப்பட்டவர் பேரா குழந்தைக்கு என்று கண்ணைக் கசக்கினாள். அந்தப் பிள்ளை கடைசியில் உயிரோடு ஓடி வந்தானே என்று ரூபா மாமியாரின் வாயை அடைத்தாள்.

இன்றைக்குச் சாக்கெல்லாம் தீர்ந்துபோய், காவேரி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"நெசத்தைச் சொல்லு. இந்தப் பேரை உனக்கு யாரு சொன்னது? ராமாபுரத்துக்காரங்க யாராச்சும் உனக்குப் பழக்கமா?"

ரூபாவுக்குச் சுருக்கென்றது. ராமாபுரம் மாமியார் பிறந்த ஊர். பஸ் ஏறினால் நாலு மணி நேரம்தான். ஆனால் ரூபா கல்யாணமாகி வந்த இந்த மூன்று வருடத்தில் காவேரி அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. ரூபாவோடு காலேஜில் படித்த பையன்களில் இரண்டு பேர் அந்த ஊர். பழைய காதலன் பேரைப் பிள்ளைக்கு வைக்கிறேன் என்று நினைக்கிறாளா இந்த மாமியார்? உடம்பெல்லாம் எரிந்தது அவளுக்கு.

உண்மையைச் சொல்லிவிடலாம்தான். நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து வந்து, கர்ப்பத்தோடு படுத்திருந்த மருமகளுக்குச் சேனாதிபதி கதையைச் சொன்னதும், பிள்ளைக்கு அந்தப் பேரையே வை என்றதும் மாமனார் குப்புசாமிதான். நான் சொன்னதாகச் சொல்லிவிடாதே, நான் சொன்னால் உன் அத்தைக்கு எதுவுமே பிடிக்காது என்று கேட்டுக்கொண்டதும் அவர்தான். இப்போது செய்தித்தாளுக்குப் பின்னால் ஒன்றும் அறியாதவர்போல் உட்கார்ந்திருந்தார்.

வாசலில் மணி அடித்தது. வாடகைத் தொட்டில் கொண்டுவந்த ஆள், வீட்டுக்காரர் பேர் என்ன என்று கேட்டான். காவேரி வழக்கம்போல் ரூபாவைப் பார்த்தாள். புருஷன் பேரை வாயால் சொல்லாத பழக்கம் அவளுக்கு. வேறு நாளாக இருந்தால் ரூபாவுக்குச் சிரிப்பு வந்திருக்கும். கணவனை "ஏ கவின்" என்று தெருவுக்கே கேட்கக் கூப்பிடுகிறவள் அவள். இன்றைக்கு "குப்புசாமி" என்று வெடுக்கென்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

"அத்தை, சும்னே சுத்தி வளைக்காதீங்க," என்று கன்னடம் கலந்து சொல்லிக்கொண்டே எதிரில் வந்து உட்கார்ந்தாள். "எம்மேல சந்தேகம் இருந்தா நேரா கேளுங்க. இல்லேன்னா பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு, எங்கம்மா வீட்டுக்குப் போயிடறேன். பேர் வைக்கிறதும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

காவேரி பூவைக் கீழே வைத்தாள்.

"உம்மேல என்ன சந்தேகம் கண்ணு. நாளைக்கு அந்தப் பேரை அவன் காதுல மூணு தடவை நாந்தானே சொல்லோணும்? அப்பனைப் பெத்தவதான் சொல்றது வழக்கம். என்னால அது ஆகாது."

"அப்படி என்ன ஆகாது? இப்ப ஒரே ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க."

கேட்ட பிறகுதான் ரூபாவுக்கே உறைத்தது. பத்து நாளாக "அந்தச் சேனாதிபதி பேரு" என்கிறாள், "அந்த ஆளோட பேரு" என்கிறாள். பரஞ்சோதி என்று ஒரு தடவைகூட மாமியார் சொல்லிக் கேட்டதில்லை. இப்போதும் காவேரியின் உதடு துடித்ததே தவிர, சத்தம் வரவில்லை. கண் மட்டும் நிரம்பி வழிந்தது.

குப்புசாமி செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"அவளை விட்டுரும்மா ரூபா. எம் பேரையே முப்பது வருசமாச் சொல்லாதவ, எனக்கு முந்தி அவளைக் கட்டுனவன் பேரை எப்படிச் சொல்லுவா?" என்றார். "நாளைக்கு நானே சொல்றேன். கவின் வயித்துல இருக்கறப்பவே போய்ச் சேந்துட்டான் அந்த ராமாபுரத்துக்காரன், எஞ் சிநேகிதன். பேரனுக்காவது அவன் பேரு இருக்கட்டும்."