பேர் வைக்காத இலை

நகரியில் தனசேகருக்குச் சொந்த வீடு இருக்கிறது, விசைத்தறி இருக்கிறது, கொஞ்சம் சர்க்கரையும் இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான். அவர் பேரில் ஓர் இலை.

திருப்பதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் அப்படி ஒரு வழக்கம். கல்லில் பதிந்த ஆதிகாலத்து இலை இதுவரை யாருமே பார்க்காததாக இருந்தால், கொண்டுவந்து கொடுத்தவர் பேரையே அதற்கு வைத்துவிடுவார்கள். புத்தூர் மருந்துக்கடைக்காரர் ஒருவர் அப்படி இலையாகிப் போனதிலிருந்து கால் தரையில் படுவதில்லை. தலைவலி மாத்திரை கேட்டுப் போனாலும் இலைக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் வரவேண்டும்.

தனசேகரும் ஞாயிறு தவறாமல் சத்தியவேடு பக்கத்து ஓடைகளில் சுத்தியும் உளியுமாக அலைந்து, கல்லைப் பஸ்ஸில் சுமந்துகொண்டு போய்க் கொடுப்பார். எல்லாம் ஏற்கெனவே பேர் வைத்த இலை. “ரொம்ப தேங்க்ஸ் சார்” என்று வாங்கி மூலையில் வைத்துவிடுவார் பேராசிரியை ரேகா.

இந்த லட்சணத்தில்தான் நேற்று வரதய்யபாளையத்தில் வேங்கடாசலம் வீட்டுக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடச் சேர்ந்து கல் உடைக்கும் கூட்டாளி. இவரைக் கண்டதும் வேங்கடாசலம் மேஜையில் இருந்த எதன்மேலோ அவசரமாகத் துண்டைப் போட்டு மூடினார்.

“இன்னாப்பா அது?”

“ஒண்ணுமில்லண்ணா, சும்மா ஒரு கல்லு. உக்காருங்க, எளநி வெட்டிக்கினு வர்றேன்.”

வேங்கடாசலம் தோட்டத்துக்குப் போனதும் இவர் துண்டை விலக்கினார். உள்ளங்கை அகலக் கல்லில் விசிறி மாதிரி ஓர் இலை. நரம்பெல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. சத்தியமாக இதுவரை யாரும் கொடுக்காத இலை.

தனசேகருக்கு வயிறு எரிந்தது. கூடவே திரிந்துவிட்டு நம்மிடமே மறைக்கிறான் பார், துரோகி. துரோகிக்கு எதற்கு இலை? கல் அவர் பைக்குள் போனது; துண்டு பழையபடியே குவிந்து கிடந்தது. பிறகு நிதானமாக இளநீரைக் குடித்து, வழுக்கையையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார்.

இன்று காலை அந்தக் கல் ரேகாவின் மேஜைமேல் இருந்தது.

“நகரி மலையடிவாரத்துல நானே உடைச்சது மேடம். ரொம்ப நாளா வீட்லயே வெச்சிக்கினு இருந்தேன்.”

ரேகா லென்ஸ் வைத்துப் பார்த்தார். “புது இலைதான் சார்,” என்றார்.

தனசேகருக்கு அந்த மருந்துக்கடை வாசலில் போய் நிற்க வேண்டும்போல் இருந்தது.

ரேகா இழுப்பறையைத் திறந்து இன்னொரு கல்லை எடுத்து, இதன்மேல் கவிழ்த்து வைத்தார். டப்பாவும் மூடியும் போல இரண்டும் கச்சிதமாகப் பொருந்தின.

தனசேகருக்கு வியர்த்துவிட்டது. கல்லைப் பிளந்தால் இலை இரண்டு பாதியிலும் பதியும். ஓடைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குத் தனசேகர் எடுக்கிற முதல் பாடமே அதுதான். ஆசை வந்தால் வாத்தியாருக்கே பாடம் மறந்துபோகிறது.

“இந்தப் பாதியை வேங்கடாசலம் சார் போன வாரம் குடுத்தாரு. சத்தியவேடு ஓடையில கிடைச்சதாம்,” என்றார் ரேகா.

கொஞ்சம்தான் தடுமாறினார். தறி முதலாளிக்கா பேச வராது?

“அவன் திருட்டுப் பய மேடம். எங்க வீட்டுக்கு வந்து துன்னுட்டுப் போறவன், போறப்போ பாதிக் கல்லையும் எடுத்துக்கினு போயிருக்கான். போலீசுக்கே போலாம்னு பாத்தேன். பழகின பாவத்துக்கு உட்டுட்டேன்.”

“அவுனா? அப்படியா?” என்றார் ரேகா, தெலுங்கும் தமிழுமாக. “துறைத் தலைவர் கேட்டாலும் இதையே சொல்வீங்களா சார்?”

“ஏழுமலையான் மேல சத்தியமா சொல்வேன். அந்தத் திருடன் சொன்னது எதையும் நீங்க ஏத்துக்கக் கூடாது.”

“சரிங்க சார், ஏத்துக்கல.” ரேகா இரண்டு பாதிகளையும் உள்ளே வைத்து இழுப்பறையைச் சாத்தினார்.

“‘எனக்குக் கல்லுடைக்கக் கத்துக்குடுத்தவர் பேரையே இந்த இலைக்கு வைங்க, அதுவரைக்கும் தனசேகர் அண்ணனுக்குத் தெரிய வேணாம்’னு மட்டும்தான் அவர் சொல்லியிருந்தாரு.”