தாம்பரத்தில் ஒரு மாடி

"தாம்பரம் வேணான்னா வுடுங்க. திண்டிவனத்துக்காவது போயிடலாம். கால்வாசி தூரமாவது கொறையுமா இல்லியா?" என்றாள் செந்தாமரை, அடுப்பில் பாலை வைத்துக்கொண்டே.

பச்சமுத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். அந்த வீட்டில் அவன் எப்போதும் உட்காரும் இடம் அதுதான். வெளியே மல்லாட்டைக் கொல்லை நிலக்கடலைச் செடிகளால் பச்சைப்பசேலென்று கிடந்தது. நேற்று அதே இடத்தில் ஓர் ஏரி இருந்தது. அந்தப் பக்கத்து ஏரிகளுக்கு ஓரிடத்தில் நிற்கிற பழக்கம் கிடையாது. அவனும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

"கொறையறதுதான் எனக்கு பயமா இருக்குது" என்றான்.

"ஊர்ல அவனவன் பயணம் கொறையாதான்னு பேஜாரு படறான். நீங்க ஒருத்தருதான் கொறையுதேன்னு கவலப்பட்டுக்கினு குந்தியிருக்கீங்க."

அவனுக்கு வேலை கிண்டியில், ஒரு பம்பு கம்பெனியில். விழுப்புரத்திலிருந்து விடியற்காலை பாசஞ்சரில் தாம்பரம். அங்கிருந்து மின்சார ரயில். கூட வேலை பார்க்கும் சுப்பராயலு, தாம்பரம் ஸ்டேஷனுக்குப் பின்னாலேயே தன் மச்சான் வீட்டு மாடி காலியாக இருப்பதாகச் சொல்லியிருந்தான். மச்சான் இன்றைக்குள் பதில் கேட்டிருந்தார்.

செந்தாமரை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவன் பக்கத்தில் ஒரு துண்டு விரித்துக் கிடந்தது.

"எடுங்க அத. நான் குந்தறேன்."

"அது சுப்பராயலு எடம்."

"பாசஞ்சர்ல துண்டு போட்டு எடம் புடிக்கிற புத்தி வூட்லயும் வந்துடுச்சா? கட்டுன பொண்டாட்டி நிக்கறேன், அவருக்கு எடமாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்தால் ஜன்னலுக்கு வெளியே ஓடிக்கொண்டிருக்கும் பனைமரங்கள் சற்று நிதானிக்கும். அவனுக்கு அது பழகிப்போன விஷயம். கொஞ்ச நேரத்தில் துண்டு கிடந்த இடம் தானாகவே அமுங்கியது. வறுத்த மல்லாட்டை வாசனை அடித்தது. இருவரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"நீங்க வூட்ல இருக்கறதே காலைல செத்த நேரம், சாயங்காலம் செத்த நேரம்" என்றாள். "ஞாயித்துக்கெழமையாவது மூஞ்சக் காட்டுவீங்கன்னு பாத்தா அன்னிக்கு ஆளே காணோம். தீவாளி பொங்கலுக்கும் அதே கததான். லீவு நாள்ல எங்கதான் போறீங்க?"

"எங்கயும் போவல."

"எங்கயும் போவாத ஆளு ஏன் இங்க வர்ல? வேற எங்கனா குடும்பம் வச்சிக்கினு இருக்கீங்களா?"

"எனக்கு உன்ன வுட்டா யாரு இருக்கா?" என்றான். அது சத்தியம்.

"அப்ப தாம்பரம் போலாம். அங்கன்னா இந்தப் பாலு பொங்கற வரைக்குமாவது இருப்பீங்க. இது பொங்கி நான் பாத்ததே இல்ல. நொர மேல வர்ற நேரம் பாத்து ஜல்தி ஜல்தின்னு கெளம்பிடறீங்க."

அதுவும் உண்மைதான். கல்யாணமான நாளிலிருந்து அடுப்பில் இருப்பது அதே பால். பொங்கவும் இல்லை, கெட்டுப்போகவும் இல்லை. நல்ல பசு.

"நீங்க குந்தி ஒரு வாய் சாப்புட்டு நான் பாக்கணும். அவ்ளோதான் எனக்கு" என்றாள்.

தாம்பரத்துக்குப் போனால் என்ன ஆகும் என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தான். சொன்னால் அவள் தாங்கமாட்டாள்.

"சரி. இன்னிக்கி சுப்பராயலுகிட்ட பேசிடறேன்."

செந்தாமரையின் முகம் மலர்ந்தது. வெளியே கொல்லையெல்லாம் ஒதுங்கிக்கொண்டு, பெரிய ஏரி ஒன்று வெயிலை ஏந்தியபடி ஜன்னல் வரைக்கும் வந்து நின்றது.

"அப்டியே டீ வடிகட்டி ஒண்ணு வாங்கியாங்க. புது வூட்டுக்குப் புதுசா இருக்கட்டும்" என்றாள். உடனே அடுப்பைப் பார்த்துத் திரும்பினாள். "ஐயோ, பாலு. ஒரு நிமிஷம் இருங்க, போயிடாதீங்க."

பால் நுரைத்து விளிம்பு வரைக்கும் வந்துவிட்டது.

"பச்சமுத்து, ஏந்திருய்யா. தாம்பரம் வந்துடுச்சி."

சுப்பராயலு மடியிலிருந்த மல்லாட்டைத் தோலைத் தட்டிவிட்டு, தான் உட்கார்ந்திருந்த துண்டை உதறி நீட்டினான். "விழுப்புரத்துல கண்ண மூடுனா தாம்பரத்துலதான் தொறக்கற. நான் திண்டிவனத்துல ஏர்றதுகூட உனக்குத் தெரியறதில்ல. போவும்போதும் இதே தூக்கம். மச்சான்கிட்ட இன்னா சொல்லட்டும்? ஒண்டிக்கட்ட, ஒரு பொட்டியத் தூக்கிக்கினு வந்தா வேல முடிஞ்சிது. மின்சார ரயில்ல நின்னுக்கினே கிண்டி போயிடலாம்."

"வேணாம்ப்பா" என்றான் பச்சமுத்து. "வூட்ல இருக்கறவங்கள வுட்டுட்டு வர முடியாது."

"எந்த வூட்ல? உனக்குக் கல்யாணமே ஆவலியே."

பச்சமுத்து இறங்கி நடந்தான். ஸ்டேஷன் வாசலில் பாத்திரக் கடைக்காரரிடம் நல்லதாக ஒரு டீ வடிகட்டி வாங்கினான். சாயங்காலம் பாசஞ்சரில் எந்தக் கையில் பிடித்துக்கொண்டு தூங்கினால் அது அவளிடம் போய்ச் சேரும் என்பதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை.