முப்பத்தொன்றாவது வட்டம்

பேராசிரியர் ஜெயவேலு விவேக் நகரில் ஜாக்குலினின் வீட்டு வாசலில் வெகுநேரம் தயங்கிவிட்டுத்தான் கதவைத் தட்டினார்.

திறந்த ஜாக்குலினின் முகம் இறுகியது. “நீங்களா சார்? உள்ள வாங்க.”

“இப்ப என்னம்மா பண்றே?”

“ஒரு கம்பெனியில ரோட்டுப் படங்களைப் பார்த்து, பள்ளத்துக்கெல்லாம் வட்டம் போடறேன். உங்க டெஸ்ட்டுக்கு அப்புறம் எந்த வட்டத்தையும் ரெண்டு தடவை சரிபார்க்காம விடறதில்ல சார்.”

போன வருடம் தன் ஆராய்ச்சிக் குழுவுக்கு ஆள் எடுக்க அவர் வைத்த தேர்வு அது. விண்வெளித் தொலைநோக்கி எடுத்த ஒரு படத்தில், மிகமிகத் தொலைவிலுள்ள விண்மீன் திரள்களைக் கண்டுபிடித்து வட்டமிட வேண்டும். அவருடைய விடைத்தாளில் இருந்தவை முப்பது.

“முப்பதையும் கரெக்டா பிடிச்சேன். ஒரே ஒரு புள்ளி ஜாஸ்தியாயிடுச்சு. அதுக்குப் போயி, ‘இல்லாததைப் பார்க்கிற கண்ணு எங்களுக்கு வேணாம்’னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்களே!”

ஜெயவேலு செல்போனில் ஒரு செய்தியைத் திறந்து நீட்டினார். இதுவரை யாரும் காணாத தொலைவில் ஒரு விண்மீன் திரளைக் கண்டுபிடித்ததாக வெளிநாட்டுக் குழு ஒன்று நேற்று அறிவித்திருந்தது. வானத்தின் அதே மூலை. அதே மங்கலான சிவப்புப் புள்ளி.

“என்னோட முப்பத்தொண்ணாவது வட்டம்!” ஜாக்குலின் திரையிலிருந்த புள்ளியைத் தொட்டாள். “அப்ப அதுவும் நிஜமான கேலக்ஸிதானா சார்?”

“அதுவும்னு சொல்லாதம்மா.” அவர் தலையைக் குனிந்துகொண்டார். “வானத்தோட அந்த மூலையில ஒண்ணுமே இல்லைன்னு நெனச்சு, டெஸ்ட்டுக்காக அந்த முப்பதையும் நானே கம்ப்யூட்டர்ல செஞ்சு படத்துல ஒட்டினேன். அந்த ஒரு புள்ளி மட்டும்தான் நிஜம்.”