பின்வரிசையில் ஓர் ஓட்டை

"மூணாவது லைன்ல உங்க மாமியார்," என்றாள் ரீட்டா, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து.

வின்ஸ் பெருமூச்சு விட்டார். கிளீவ்லண்ட் வானொலியில் காலை நேர அமெரிக்கக் கால்பந்துப் பேச்சு அவருடையது. கூப்பிடுகிறவர்கள் பெயரையும் பேட்டையையும் மட்டும் சொல்லிவிட்டு மனதில் இருப்பதைக் கொட்டலாம். மூன்று வாரமாகத் தினமும் ஏழரைக்குக் கூப்பிடும் அம்மாளுக்குத்தான் ரீட்டா மாமியார் என்று பெயர் வைத்திருந்தாள்.

"சொல்லுங்க, காலின்வுட் யூனிஸம்மா. நாளைக்கு டிராஃப்ட். எல்லா டீமும் காலேஜ் பசங்களை முறை வச்சு அள்ளிட்டுப் போகப்போகுது. இன்னிக்காவது நம்ம டீம்ல உங்களுக்கு ஏதாவது நல்லது தெரியுதா?"

"தெரியுது தம்பி. பின்வரிசையில ஓரத்துல நிக்கிற ரெண்டு பசங்களும் தங்கம். இன்னும் நாலு வருஷத்துக்குக் கவலையில்ல. நடுவுல ஓடுற குட்டையனும் தேவலாம். ஓட்டை எல்லாம் கடைசியா நிக்கிறவர்கிட்டதான். இருபத்தேழாம் நம்பர்."

"லாமான்ட் டில்மன். கேப்டன். பதினோரு வருஷமா நமக்காக உடம்பைக் கொடுத்தவர்."

"கொடுத்துட்டார். அதான் இப்ப மிச்சமில்ல. எதிராளி எல்லாரையும் தாண்டி வந்துட்டா மறிக்க அவர் ஒருத்தர்தான். முன்னெல்லாம் பந்து கிளம்பும்போதே கிளம்புவார். இப்ப ரெண்டு எட்டு லேட்டு. லேட்டா போறதால தோளால மோத வேண்டியதைத் தலையால மோதுறார். போன சீசன்ல விழுந்தவர் உடனே எழுந்திருக்காம கிடந்தது பதினாலு தடவை."

"எண்ணினீங்களா?"

"எண்ணினேன். நவம்பர்ல ஒரு ஆட்டம். எழுந்தவர் நேரா எதிர் டீம் பெஞ்சுக்கு நடந்தார். நம்ம பையன் ஒருத்தன் கையைப் பிடிச்சுத் திருப்பிக் கூட்டிட்டு வந்தான். நீங்க பார்க்கலையா?"

வின்ஸ் பார்த்திருந்தார். நிகழ்ச்சியில் அதைப் பற்றி அவர் பேசவில்லை.

"யூனிஸம்மா, அவர் மேல உங்களுக்கு அப்படி என்ன கோபம்?"

"கோபமா? முதல் சுத்துலயே கடைசி இடத்துக்கு ஒரு சின்னப் பையனை எடுங்கன்னு சொல்றேன். அவ்வளவுதான்."

"அப்ப டில்மன்?"

"வீட்டுக்குப் போகட்டும்."

"ஈவு இரக்கமே கிடையாதா உங்களுக்கு? மாசத் தொடக்கத்துல இதே நாற்காலியில உட்கார்ந்து என்ன சொன்னார் தெரியுமா? 'எனக்கு அடுத்து அந்த இடத்துக்கு ஆள் இல்ல. டீமை அம்போன்னு விட்டுட்டு நான் எப்படிப் போவேன்'னார். அப்படிப்பட்ட மனுஷன் வயித்துல அடிக்கலாமா?"



"அதைக் கேட்ட மறுநாள்தான் தம்பி உங்களுக்கு முதல் போன் போட்டேன்," என்று சொல்லிவிட்டு யூனிஸம்மா போனை வைத்துவிட்டாள்.

"கொழுப்பு," என்றாள் ரீட்டா.

ஆனால் ஊர் யூனிஸம்மாவின் பக்கம் சாய்ந்திருந்தது. 'கடைசியில் யார்?' என்று அச்சடித்த பனியன்கள் சந்தையில் விற்றன. அன்று மதியம் நிருபர்களைச் சந்தித்த அணி மேலாளரே அலுத்துக்கொண்டார். "பல் டாக்டர்கிட்ட போனேன். என்னை வாயைத் திறக்கச் சொல்லிட்டு, கடைசி இடத்துக்கு யாரை எடுக்கப்போறீங்கன்னு கேட்கிறார். நான் எப்படிப் பதில் சொல்றது?"

முன்வரிசைக்கு ஆள் எடுப்பார்கள் என்றுதான் வின்ஸ் அடித்துச் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை மாலை, பத்தொன்பதாவதாக முறை வந்தபோது, அணி எடுத்தது கடைசி இடத்தில் நிற்கும் ஒரு பையனை. இருபத்தொரு வயது. மான் மாதிரி ஓடினான்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு டில்மனின் அறிக்கை வந்தது. மூன்றே வரி. 'பையனின் ஆட்டத்தைப் பார்த்தேன். இனி அவன் பார்த்துக்கொள்வான். நான் விடைபெறுகிறேன்.'

அதை வின்ஸ் ஒலிபரப்பில் இரண்டு முறை வாசித்தார்.

ஏழரை ஆயிற்று. மாமியார் கூப்பிடவில்லை. எட்டும் ஆயிற்று. சாதித்துவிட்ட பிறகு நாம் எதற்கு என்று நினைத்துக்கொண்டார் வின்ஸ். எட்டரைக்கு ரீட்டா மூன்று விரலைக் காட்டினாள்.

"நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன் தம்பி," என்றாள் யூனிஸம்மா. "இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்."

"ஏன், முன்வரிசையில ஓட்டை கண்ணுல படலையா?"

"அதெல்லாம் எனக்கு எதுக்கு? நேத்து ராத்திரி விடிஞ்சது தெரியாமத் தூங்கினேன். பதினோரு வருஷமாச்சு அப்படித் தூங்கி. அதான் லேட்டு."

வின்ஸுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"நல்லாத் தூங்குங்க. பதினோரு வருஷம் இந்த ஊருக்காக அடிபட்ட ஒருத்தரை மூணு வாரத்துல வீட்டுக்கு அனுப்பிட்டீங்க. இப்ப திருப்திதானே?"

"ரொம்பத் திருப்தி தம்பி," என்றாள் யூனிஸம்மா. "இப்பதான் வந்து சேர்ந்தான்."

அவளுக்குப் பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, வின்ஸ் பதினோரு ஆண்டுகளாகப் பேட்டி எடுத்த அதே குரல்: "அம்மா, பேசினது போதும். இன்னும் ரெண்டு பான்கேக் போடு."