திருகில்லாத கிளாம்ப்

உச்சி வெயிலில், வீங்கிய கன்னத்தோடு பிரிஸ்கில்லா காரின் பானெட்டுக்குள் குனிந்திருக்கிறாள். கிழிந்த ரேடியேட்டர் ஹோஸை மாற்றினால்தான் திருப்புலிவனத்திலிருக்கும் அம்மா வீட்டுக்குப் போக முடியும். ஹோஸை இறுக்கியிருக்கும் கிளாம்பில் திருகே இல்லை. நசுக்கி இறுக்கிவிட்ட, காது போன்ற ஒரு தகட்டு மடிப்பு மட்டும் துருத்திக்கொண்டிருக்கிறது. "அத்த கழட்டற டூலு என்கிட்டதான் கீது. எங்க போயிடுவே நீ?" என்று வாசல்படியில் உட்கார்ந்து சிரிக்கிறான் புருஷன் சாம்சன். அவள் திரும்பவில்லை. அந்தக் காதைக் கட்டிங் பிளேயரால் கவ்வி, இரண்டு கையாலும் அழுத்துகிறாள். டக்கென்று அறுந்து கிளாம்ப் தெறிக்கிறது. ரேடியேட்டரின் பச்சை நிறத் தண்ணீர் மண்ணில் கொட்டுகிறது. அவன் சிரிப்பு நின்றுபோகிறது. புது ஹோஸை மாட்டி, திருகு வைத்த கிளாம்பால் முடுக்கி, தண்ணீர் ஊற்றி வண்டியைக் கிளப்புகிறாள். சாம்சன் ஓடிவந்து குறுக்கே நிற்கிறான். "எறங்குடி!" "நவுந்துக்கோ. இல்லாங்காட்டி மேல ஏத்திடுவேன்" என்கிறாள். கியர் விழும் சத்தம் கேட்டதும் அவன் ஒதுங்குகிறான்.